விட்டு விட்டு மிதி

பழைய டீசல் வண்டி வாங்குகிறவன் காலையில் போய்ப் பார்க்க வேண்டும், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது. நாம் போவதற்கு முன்பே விற்கிறவன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறான் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. முதல் சாவியில் கிளம்புகிறதா, புகை கறுப்பா நீலமா, உதறல் எப்போது அடங்குகிறது, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இது தெரியாமல் சீட் உறையையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள்தான் இன்று அதிகம். ஏமாறட்டும். ஏமாறுவதற்கென்றே பிறந்தவர்களை யாரும் காப்பாற்ற முடியாது.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது விபத்து அறிக்கையில் இருக்கும் ஒரு வரிக்காக. 'ஓட்டிய பெண்ணின் அனுபவமின்மை' என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் இசைவாணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த வரி தவறு. அதைத் திருத்த என்னவெல்லாம் தேவையோ அத்தனையும் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். தாள் பறக்கிறது.

என் பெயர் நடேசன். ஊர் பிள்ளைப்பாக்கம். எங்கள் நிலங்கள் கம்பெனிகளுக்குப் போன காலத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு யானை மாதிரி புது வண்டிகள் வந்து நின்றன. என் பங்காளிகள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பிறகு கடன்காரன் வந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனான். நான் பழைய வண்டி வாங்கினேன். கம்பெனி அதிகாரிகளைப் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஏற்றிச் சென்ற வண்டி. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. தரகன் டில்லிபாபு அதை எனக்குக் காட்டவே தயங்கினான்.

"அது வோணாம் பெரியவரே. ரொம்ப ஓடிகீது. இத்த பாருங்க, வெறும் நாப்பதாயிரம் கிலோமீட்டருதான். டாக்டரு வண்டி."

"எந்த டாக்டர்?"

"பேரு ஞாபகம் இல்ல பெரியவரே. ஆனா டாக்டரு."

எல்லாத் தரகனுக்கும் ஒரு டாக்டர் இருப்பார். அந்த நாற்பதாயிரம் வண்டியின் பிரேக் மிதியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. நாற்பதாயிரத்தில் அப்படித் தேயாது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக இரண்டு லட்சம் ஓடிய டீசல், ஊருக்குள் நின்று நின்று ஓடிய ஐம்பதாயிரத்தைவிட மேல். ரொம்ப ஓடிய வண்டியைத்தான் எடுத்தேன். பங்காளிகள் சிரித்தார்கள். அவர்களுடைய வண்டிகள் போன பிறகும் என்னுடையது நின்றது.

நின்றது என்றால் நான் நிறுத்தினேன். எண்ணெய் மாற்றச் சொன்ன கணக்குக்கு முன்பே மாற்றுவேன். டீசல் போடுவது ஒரே பெட்ரோல் பங்கில்தான். தூரம் போய் வந்தால் உடனே சாவியைத் திருப்ப மாட்டேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு மூச்சு வாங்க வைத்துத்தான் அணைப்பேன். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றிய பழையதை மெக்கானிக் என் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால்தான் மாற்றினான் என்று அர்த்தம். இல்லையென்றால் பழையதையே துடைத்துப் போட்டுவிட்டுப் புதியதற்குக் காசு வாங்குவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய அந்த வண்டியின் பழைய சாமான்கள் இருக்கின்றன.

போன வருடம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஒன்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது பிரேக் மிதி கல் போலாகிவிட்டது. கை பிரேக்கும் கியரும் எனக்குப் பழக்கம் என்பதால் நிறுத்திவிட்டேன். மறுநாள் மெக்கானிக் சாம்சனிடம் கொண்டுபோனேன். டீசல் வண்டியில் பிரேக்குக்குப் பலம் கொடுக்க ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. காற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாம் மிதிக்கும்போது நம் காலோடு சேர்ந்து அதுவும் அழுத்தும். அது தேய்ந்துவிட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. சூடாகி, உள்ளே எண்ணெய் இளகிய பிறகுதான் வேலையைக் காட்டும். அப்போது முதல் மிதி நன்றாக விழும். இரண்டாவது கனக்கும். மூன்றாவது பாறை.

சாம்சன் புது பம்ப் போட்டான். பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"இத்த இன்னாத்துக்கு தூக்கினு போறீங்க? காயலாங்கடக்காரன் கூட வாங்க மாட்டான்" என்றான்.

"உனக்கு எதற்கு அது" என்றேன்.

இசைவாணிக்கு அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மனை போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடும் எழும்பாத இடங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அங்கே மாலை நேரங்களில் ஓட்டினாள். எடுத்த எடுப்பில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிடுவாள். அதைத் திருத்தினேன். விட்டு விட்டு மிதி என்றேன். ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து அணையும். பின்னால் வருகிற கண்டெய்னர்காரனுக்கு, முன்னால் போகிறவன் நிற்கப் போகிறான் என்று தெரியும். இந்த ரோட்டில் நமக்கு முன்னால் போகிறவனைவிடப் பின்னால் வருகிறவன்தான் எமன். அவள் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறவள். அதன் பிறகு அந்தக் கால் மாறவே இல்லை.

மாரிராஜைப் பற்றிக் கேட்டீர்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் விடுதியில் இருந்தவன். இசைவாணிக்கு அதே கம்பெனியில் அலுவலக வேலை. என்னிடம் வந்து சொல்வதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். மீனம்மாள், என் மனைவி, மூன்று நாள் சாப்பிடவில்லை. ஊர் பார்க்க நானே வைகாசியில் ஒரு வரவேற்பு வைத்தேன். மண்டபம் நிறைந்தது. வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது. மேடைக்கு வந்த பங்காளி ஒருவன் என் காதருகே குனிந்தான்.

"இன்னா நடேசா, மாப்ள இன்னிக்கி ஓவர்டைம் பாக்கலியா? லீவு குட்த்தாங்களா?"

பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவனைப் பார்த்து ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவன் கெட்டவன் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. குடிகாரனாக இருந்திருந்தால் ஒரு வருடத்தில் இவளே திரும்பி வந்திருப்பாள். நல்லவனாக இருந்ததால் திரும்பி வர வழியே இல்லாமல் போயிற்று. சேரப்பணஞ்சேரியில் இரண்டு அறை வீடு எடுத்து, குக்கர் வாங்கி, ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். அந்தத் திரையைப் பற்றி மீனம்மாள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. பெண்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

ஆனியில் ஒரு நாள் அவன் வந்து கூடத்தில் நின்றான். உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டான். அந்த மரியாதை அவனுக்கு உண்டு. நானும் உட்காரச் சொல்வதில்லை.

"மாமா, அந்தப் பழைய வண்டிய நீங்க இப்பம் அவ்வளவா எடுக்கதில்லன்னு வாணி சொன்னா. எங்களுக்குத் தந்தா நல்லா இருக்கும். சும்மா வேண்டாம் மாமா. வெலைக்குத் தாங்க."

என் வீட்டுக் கூடத்தில் நின்று என் சாமானுக்கு விலை கேட்டான். சீர்வரிசையாகக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் அவனைப் பிச்சைக்காரன் என்று நினைத்து அமைதியாகியிருப்பேன். விலை கேட்டான்.

"எடுத்துக்கொள்" என்றேன். "ஆடி பிறந்துவிட்டால் வண்டி கைமாறக்கூடாது. அதற்குள் வந்து எடுத்துக்கொள். காலையில் வா. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீயே பார்த்துக்கொள்."

மறுநாள் மீனம்மாள் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தாள். மத்தியானம் ஷெட்டுக்குப் போய் மரப்பெட்டியைத் திறந்தேன்.

இதை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவன் வாங்குவது ரொம்ப ஓடிய பழைய வண்டி. புது பம்ப் நான் என் வசதிக்குப் போட்டது. வீட்டை விற்கிறவன் புதிதாக மாட்டிய மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போவதில்லையா? வண்டியோடு வந்த சாமானை வண்டிக்கே கொடுத்தேன். அவ்வளவுதான். சாம்சன் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், எனக்குக் கஷ்டமாக இல்லை. இதோ, இந்தத் துணியில் சுற்றியிருப்பதுதான் புது பம்ப். மேஜைமேல் வைக்கிறேன். எண்ணெய் பிசுக்கு இருக்கும், தாளை நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஆமாம், அவன் சாக வேண்டும் என்று நினைத்துத்தான். சுற்றிவளைக்க வேண்டாம். புது மணப்பெண் ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் இருக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். ஆடி முதல் நாளே அவளை அழைத்து வந்துவிட்டேன். ஒரு மாதம் அவன் தனியாகத்தான் ஓட்டுவான். ஆவணி பிறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு அவள் என் வீட்டில் வெறும் கழுத்தோடு இருப்பாள் என்பதையும் யோசித்தேன். ஊர் பரிதாபப்படும். பரிதாபம் அவமானம் ஆகாது.

வண்டி எடுக்க அவன் காலையில் வந்தான். எஞ்சின் குளிர்ந்திருந்தது. முதல் சாவியிலேயே கிளம்பியது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். எல்லாம் பட்டுப் போல் இருந்தது. டில்லிபாபுவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"ஒரு மெக்கானிக்க இட்டாந்து காட்டினியா தம்பி?" என்று டில்லிபாபு அவனைக் கேட்டான். தரகன் புத்தி.

மாரிராஜ் என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னான். "மாமா வண்டிக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தா அது என்ன மருவாதி? மாமா சொன்னாப் போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வண்டியில் ஒரு குறையும் இல்லை" என்றேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். அவன் அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவனால் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்ய முடியாது. வண்டியை வாங்கி ஓட்டவே இல்லை. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போனான். வண்டிக்குப் போர்வை போட்டு மூடி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட்டுத் தெருமுனை வரை மாட்டுவண்டி வேகத்தில் போய்த் திரும்புவானாம். இதையும் மீனம்மாள்தான் சொன்னாள். "கண்ணாட்டம் வச்சிருக்காருங்க, உங்க வண்டிய" என்றாள். ஆடி பாதி கடந்துவிட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு அவன் வண்டியில் வந்து இறங்கினான். இவளை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டுமாம். மீனம்மாள் சரி என்று சொல்லிவிட்டிருக்கிறாள். ஆடியில் பிரித்து வைப்பது கோயிலுக்குப் போவதற்கு இல்லையே என்பது அவள் வாதம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வழக்கத்தை அரைகுறையாக வைத்துக்கொண்டால் எதில் முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி.

அவன் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுவது போல, தோளில் இருந்த துண்டை எடுத்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? வண்டி சூடானப்பொறம் பிரேக்கு கொஞ்சம் கட்டியா இருக்காப்ல தெரியுது. சாம்சண்ணன்கிட்ட ஒரு தடவ காட்டட்டுமா? நீங்க சொன்னா மட்டும்."

"நான் பார்க்காததையா அவன் பார்க்கப் போறான்?" என்றேன். "புது ஆள் கால் அப்படித்தான் இருக்கும். பழகினா சரியாயிடும்."

இசைவாணி தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யார்கிட்ட போய் இன்னா கேக்கறீங்க? அப்பா வண்டிய கொற சொன்னா அப்பாவுக்கே ஜுரம் வந்துரும்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "கண்ணு சொருகுது உங்களுக்கு. சாவிய குடுங்க. நான் ஓட்டறேன்."

"நீ ஓட்டுதியா?"

"எங்கப்பா கத்துக்குடுத்தது. உங்கள மாதிரி கட்டவண்டி ஓட்ட மாட்டேன். தூங்கினு வாங்க."

அவள் ஓட்டுகிற பக்கம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். நான் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் செய்தாள். எஞ்சின் சூடாக இருந்தது, வாசலில் நிற்கும்போதே எனக்கு அந்த வெப்பம் தெரிந்தது. அவளுடைய கால் எப்படி மிதிக்கும் என்பதும் தெரியும்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்ல நேரம் இருந்தது. பெல்ட் போட்டாள், பூவைச் சரிசெய்தாள், அவன் சீட்டைச் சாய்த்துக்கொண்டான். இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று அவன் கேட்பான். ஒரு குறையும் இல்லை என்று ஊரார் முன்னால் சொல்லியிருக்கிறேன். பழகினால் சரியாகிவிடும் என்று இப்போதுதான் சொன்னேன். ஒரு விடுதிப் பையன் என் வாசலில் நின்று, நடேசன் பொய் சொன்னான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? என் தகப்பனார் சொன்ன சொல் மாறாதவர். நானும் அப்படித்தான்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. நான்தான் திறந்து மறுபடி சாத்தினேன். "பார்த்துப் போ" என்றேன்.

கோயில் வரை ஒன்றும் ஆகவில்லை. கும்பிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு, பூட்டியிருந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டு வரலாம் என்று சேரப்பணஞ்சேரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஒரகடம் மேம்பாலத்தில் இறங்கும்போது கீழே டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. மீதியை உங்கள் படத்தில் பார்த்தேன். எதிரே உள்ள கம்பெனி வாசல் கேமராவில் எடுத்தது என்றீர்கள். பெரிய உதவி செய்தீர்கள். அதில் அவள் வேகமாகவே வரவில்லை. டிரெய்லரைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது. எரிகிறது, அணைகிறது. எரிந்து, அதன் பிறகு அணையவில்லை.

நீங்கள் அதைப் பார்த்துத்தான் தடுமாறினாள், பழக்கமில்லாதவள் என்று எழுதினீர்கள். முதல் மிதியையே விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று விட்டு விட்டு மிதித்திருக்கிறாள். அந்த நிலையிலும் அதை மறக்கவில்லை.

மாரிராஜுக்கு இரண்டு காலும் முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் போய் நின்றேன், போகாவிட்டால் ஊர் பேசும். என் கையைப் பிடித்துக்கொண்டான். இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"வண்டிய ஒண்ணும் சொல்லக்கூடாது மாமா. நல்ல வண்டி. நாந்தான் தூங்கிட்டேன். முழிச்சிருந்தா கை பிரேக்கையாவது இழுத்திருப்பேன்."

என் சொல்லை அவன் காப்பாற்றுகிறான். அந்த அளவுக்கு என்னைக் கீழே கொண்டுவந்துவிட்டான். பழியை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அறிக்கையில் பழி அவன்மேல் இல்லை, அவள்மேல் இருக்கிறது. அவளுடைய காரியத்தன்று அதே பங்காளி என் காதுபடச் சொன்னான், "பொண்ணுங்க கையில வண்டிய குட்த்தா இப்டித்தான்" என்று. அதனால்தான் வந்தேன்.

மீனம்மாள் இதுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் இங்கே வரும்போது ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மரப்பெட்டி திறந்திருந்தது. அவளுடைய பழைய புடவைத் துணியில்தான் இதைச் சுற்றி எடுத்து வந்தேன்.

பம்பைப் பற்றி, மத்தியானம் பற்றி, கதவைச் சாத்தியது பற்றி, உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவிலும் போட்டுக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும். இசைவாணி கடைசிவரை நன்றாகத்தான் ஓட்டினாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை.